தெருவே இருட்டு, ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம்

கரண்டு போனால் எல்லா வீட்டுப் பெண்களும் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போவார்கள். அக்கா மட்டும் வெளியே வருவாள். தெருவின் நடுவில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்ப்பாள். எல்லா வீடும் இருட்டாக இருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். எந்த வீட்டிலாவது வெளிச்சம் தெரிந்ததோ, தொலைந்தது. அது யார் வீடு, இந்த நேரத்தில் போகலாமா, போனால் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குக் கிடையாது. நேரே படியேறிப் போய், "இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்று கேட்பாள்.

என்னிடமும் அப்படித்தான் கேட்டாள். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிக் கரமனைக்கு வந்த புதிது. யுத்தத்துக்கு முந்தின காலம். திருவனந்தபுரத்தில் கரண்டு வந்து கொஞ்ச வருஷமே ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். நாங்கள் இருந்த வீடு அந்தக் கடை முதலாளியுடையது. தெருவில் அவருக்கு வேறு சில வீடுகளும் உண்டு. கூடத்தில் ஒரே ஒரு பல்பு. அது எரிந்தால் எனக்குப் பெருமை, அணைந்தால் பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாக என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய்க் காஸ் லைட்டை இரவல் வாங்கி வந்து வைத்திருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்துக் கரண்டு போயிற்று. அவர் காஸ் லைட்டைக் காற்றடித்து ஏற்றினார். கூடம் பளிச்சென்று ஆகி நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் உள்ளே வந்து நின்றாள். ஒடிசலான தேகம், பெரிய கண், காதில் தொங்கும் பாம்படம் இல்லாமல் சின்னக் கம்மல். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். முன்பின் பார்த்ததில்லை. கையை விளக்கின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள்.

"எண்ணெய்தானே? கம்பி ஒண்ணும் இல்லியே?"

"இல்லை" என்றேன்.

"அப்போ எரியட்டும் மக்களே" என்று பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "யாரு இவ? கிறுக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அடுத்த வீடு. லைன்மேன் பெண்சாதி. நாகர்கோவில் பக்கத்து ஆளு. கரண்டு போனா இப்படித்தான்" என்றார்.

அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அக்கா. தெருவுக்கு "மெயின் அக்கா". யார் வீட்டுக்குப் போனாலும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள் என்பதால் வந்த பட்டம். அவளுக்கும் அது தெரியும். "ஆமா, மெயின்தான். சப்-மெயின்னா சொன்னாங்க?" என்பாள்.

அக்காவுடைய வீட்டுக்காரர் அவளுக்கு நேர் எதிர். நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. தோளில் கயிற்றுச் சுருளைப் போட்டுக்கொண்டு அவர் போகிறபோது மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகிற மாதிரித்தான் இருக்கும். மழையில் கரண்டு போஸ்டில் ஏறுகிறவர் அவர். நடுங்குகிறவள் இவள். அவர் வேலைக்குப் போனால் அக்கா சோறு வடிப்பாள், குழம்பு வைப்பாள், ஆனால் காது மட்டும் தெருவிலேயே இருக்கும். அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் கேட்டபிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். நான் கேலி செய்தால், "உனக்கென்ன, உன் ஆளு கணக்குப் பேரேட்டுல ஏறுகாரு. விழுந்தா பாயிலதான் விழுவாரு" என்பாள்.

ஒரு நாள் கிணற்றடியில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் காரணத்தைச் சொன்னாள். ஒரேயடியாகச் சொல்லவில்லை. இரண்டு துண்டு நறுக்குவாள், ஒரு வாக்கியம் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் இருந்தார். ஒரு படக்கொட்டகைப் பக்கம் கம்பி அறுந்து கிடந்தது. கரண்டு ஆபீசில் அந்தப் பக்கத்துக்குப் போகிற பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் அவர் ஏறினார். கம்பியில் கரண்டு இருக்க வழியே இல்லை. ஆனால் படம் நின்றால் ஜனங்கள் நாற்காலியை உடைப்பார்கள் என்று கொட்டகைக்காரர்கள் தாங்களே கரண்டு எடுக்கிற டைனமோவை ஓட்டிவிட்டார்கள். தங்கள் மெயினை இறக்காமலே ஓட்டிவிட்டார்கள். டைனமோ கரண்டு கொட்டகைக்குள்ளே மட்டும் நிற்குமா? வந்த வழியாகவே வெளியே போயிற்று, தெருக் கம்பிக்கு. மேலே இருந்தவர் கம்பியைப் பிடித்தார்.

"செத்துப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. வலது கை போச்சு. இப்போ பழவங்காடிக் கோயிலுக்கு முன்னால தேங்காய் விக்காரு. அங்க இருக்க தேங்காய் மொத்தமும் அறுந்த கைமுட்டியாட்டுத் தெரியும் எனக்கு. அந்தப் பக்கம் போகவே மாட்டேன்." அக்கா கிழங்கை நறுக்குவதை நிறுத்திவிட்டாள். "கரண்டு ஆபீஸ்ல நிறுத்தினா நின்னு போச்சுன்னு இவுங்க நம்பி ஏறுகாங்க. ஆனா ஒரு வீட்டுல எரியுதுன்னா, அந்த வீட்டுலயும் ஒரு கரண்டு ஆபீஸ் இருக்குன்னுதானே அர்த்தம்? அதை யாரு நிறுத்துவா?"

அதற்கப்புறம் நான் அவளைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் அக்கா செய்கிற கூத்துகளும் அப்படி. ஒரு தடவை அக்ரஹாரத்தில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் வெளிச்சம் என்று ஓடிப் போனாள். வக்கீல் அரிக்கேன் லைட்டை வைத்துக்கொண்டு கேஸ் கட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "யாரும்மா நீ? என்ன வழக்கு?" என்று கேட்டாராம். இன்னொரு தடவை ஆற்றங்கரையில் யாரோ டார்ச் அடிக்க, அக்கா அதைத் துரத்திக்கொண்டு கரமனைப் பாலம் வரை போய்விட்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் தெருவெல்லாம் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "இவ ஒரு நாள் நிலாவைப் போய்க் கேப்பா, உனக்கு மெயின் எங்கேன்னு" என்றார்.

பிறகு முதலாளி டைனமோ வாங்கினார்.

முதலாளி வீடு தெருவின் நடுவில் பெரிய வீடு. கொச்சியிலிருந்து ஆயில் என்ஜினும் டைனமோவும் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மழை படக் கூடாது, திருட்டுப் போகக் கூடாது என்று அதை அடுக்களைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்தி ஓட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சமையல்காரருக்குத் தலை சுற்றி வாந்தி வந்து, அவரைப் பிடித்துக் கொல்லைப்புறக் காற்றில் கிடத்தினார்கள். என்ஜின் புகைதான் காரணம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா போய் நின்றாள்.

முதலாளி அவளைப் பார்த்ததும், "சரிம்மா, சரிம்மா, புகைதானே? நாளைக்கே தொழுவத்துப் பக்கம் தனியாக் கொட்டகை போட்டு மாத்திருதேன்" என்றார்.

"புகை கெடக்கு முதலாளி. மெயினை இறக்கிட்டா ஓட்டினீங்க?"

முதலாளிக்குப் புரியவில்லை. என்ஜின்காரருக்குப் புரிந்தது. ஆனால் ஒரு பெண் கேட்டாள் என்பதற்காக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்ஜினைத் துடைத்தார். அக்கா விடவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். "இவளுக்கு என்னவே வேணும்?" என்று முதலாளி கடையில் என் வீட்டுக்காரரிடம் கேட்கும்படி ஆயிற்று. அக்காவின் வீட்டுக்காரருக்கு மானம் போயிற்று. "ஏன்டீ, நான் ஊர்ல தலை நிமிந்து நடக்கண்டாமா?" என்று அவர் கத்தியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "நடக்கதுக்குத்தான் சொல்லுகேன்" என்று அவள் சொன்னதும் கேட்டது.

கடைசியில் கரண்டு ஆபீஸ் ஓவர்சியரே வந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண் கேட்பது சரிதான், இப்படி வைத்தால் தெருக் கம்பியில் கரண்டு பாயும் என்று சொல்லிவிட்டார். இருபக்கம் சாய்கிற ஒரு சுவிட்ச் வரவழைத்து வாசல் அறைச் சுவரில் பொருத்தினார்கள். பெரிய பீங்கான் பலகை, செம்புப் பட்டைகள், மரக் கைப்பிடி. பிடியை மேலே தள்ளினால் தெருக் கரண்டு, கீழே தள்ளினால் டைனமோ. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே சேராது. சேர்க்க வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போனாள். முதலாளி பெருந்தன்மையாக, "நீயே போட்டுப் பாரு" என்றார். டைனமோ ஓடாத நேரம். அக்கா பிடியைக் கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள், மறுபடியும் கீழே தள்ளினாள். "இஞ்ச நின்னா அங்க இல்ல. அங்க நின்னா இஞ்ச இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவள் வீட்டுக்காரர் கரண்டில் சாகவில்லை. ஒரு மழைக்காலத்தில் விஷ ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் போனார். வழியெல்லாம் மறித்து வைத்தவளுக்கு இந்த ஒரு வழி தெரியாமல் போயிற்று. கொண்டுவந்து கிடத்தியபோது அக்கா அவருடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் ஒவ்வொன்றாகத் தடவினாள். "கை ரெண்டும் இருக்கு" என்றாள். அழுகிற கூட்டத்தில் அது சிலருக்கு என்னவோ போல இருந்தது. எனக்கு மட்டும் அந்தத் தேங்காய் விற்கிறவர் ஞாபகம் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் நாகர்கோவிலுக்குப் போய்விட்டார்கள். அக்கா வெளியே வருவதை விட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் தாலி அறுத்தவள் அப்படித்தான் இருக்க வேண்டும். கிணற்றடியில் மட்டும், அதுவும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நானும் அவளும் இரண்டு வார்த்தை பேசுவோம். அதன்பிறகு ஒரு நாள் கரண்டு போயிற்று. நான் என்னையறியாமல் வாசலுக்கு வந்து பார்த்தேன். அக்கா வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. இனி அவளுக்கு என்ன பயம், போஸ்டில் ஏற அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தெருவில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு அந்த ஒரு நிம்மதியாவது கிடைத்ததே என்றுகூட நினைத்தேன்.

ஐப்பசியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிக்காரர்கள், பெரிய இடம். முதல் நாள் சாயங்காலம் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். தெருக்கோடியில் முதலாளியின் காலி வீடு ஒன்று உண்டு. அதை வெள்ளையடித்து அவர்களுக்கு ஜாகையாகக் கொடுத்திருந்தார்கள். பெண் வீட்டிலிருந்து ஜாகை வரை தெருவை அடைத்துப் பந்தல். நாதசுரக்காரர்கள் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துலாமாசத்து இடி மழை வழக்கம் போலப் பிடித்துக்கொண்டது. எங்கேயோ தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தது. கரண்டு போயிற்று.

உடனே தொழுவத்துப் பக்கம் என்ஜின் சத்தம் கேட்டது. முதலாளி வீடு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. கல்யாணத்துக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டு நான் தனியாக என் கூடத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கல்யாண வேலையாக ஆரியசாலைக்குப் போனவர் திரும்பவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தபோது, கரண்டு ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிப் பக்கம் போனார்கள். கல்யாணத் தெரு என்பதால் மழை விடும்வரை காத்திருக்காமல் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்போது என் கூடத்துப் பல்பு எரிந்தது. எரிந்தது என்று சொல்லக் கூடாது. உள்ளே இருக்கிற இழை மட்டும் தணல் மாதிரிச் சிவப்பாக நின்றது. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கரண்டு வருகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. கிணற்றடிக்குப் போய் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, கரண்டு வாரது மாதிரி இருக்கு. ஆனா சிவப்பா நிக்குது."

அவள் நனைந்துகொண்டே கொல்லை வழியாக வந்தாள். வெள்ளைச் சேலையில் அவளைக் கூடத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பல்புக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். அது முக்கி முக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஆபீஸ் கரண்டு இல்ல" என்றாள். "லைன்ல ஆளு ஏறியிருக்கா?"

"இப்பத்தான் ஏணியைக் கொண்டு போனாங்க."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். அவள் எங்கே போகப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. "அக்கா, நீங்க வேண்டாம். கல்யாண வீடு. நான் போய்ச் சொல்லுதேன்" என்றேன்.

"போய் என்னத்தைச் சொல்லுவே? உனக்கு அதுல எது எதுன்னு தெரியுமா? கூட வா."

முதலாளி வீட்டு வாசலுக்கு எதிரே அவள் இருட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினாள். "பிடி மேலயா கீழயான்னு மட்டும் பாத்துட்டு வா." நான் பன்னீர்ச் செம்புக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்து வாசல் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பிடி கீழே, ஒழுங்காக டைனமோ பக்கம் இருந்தது. ஓடி வந்து சொன்னேன்.

"கீழயா? நல்லாப் பாத்தியா?" அக்கா முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "அப்போ எங்கேருந்து வருது? பின்னே எங்கேருந்து வருது?" என்று தெருவை இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தாள். தெருவே இருட்டு. முதலாளி வீடு எரிகிறது, சரி. கோடியில் இன்னொரு வீடும் எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஜாகை.

பந்தல் மூங்கில்களின் மேலாக ஒரு கம்பி புதிதாகத் தொங்கிக்கொண்டு போனது. பிற்பாடுதான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. கரண்டு போனதும், பெண் வீடு வெளிச்சத்திலும் சம்மந்தி இருட்டிலும் உட்காருவதா என்று ஜாகையில் யாரோ முணுமுணுத்திருக்கிறார்கள். முதலாளிக்கு உயிரே போய்விட்டது. உடனே என்ஜின்காரரைவிட்டு டைனமோவிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, ஜாகையின் பக்கச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, அதன் முனையில் மாட்டிய பிளக்கைச் சுவரில் இருந்த துளைகளில் செருகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கும் தனியாகத் தெருக் கரண்டு உண்டு, அதற்கும் ஒரு மெயின் உண்டு என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மெயின் இருந்த அறையில் சீர்ச் சாமான்களை வைத்துப் பூட்டியிருந்தார்கள். இறக்காத அந்த மெயின் வழியாக டைனமோ கரண்டு தெருக் கம்பிக்குப் போயிற்று.

நாங்கள் ஓடினோம். ஜாகைக்கு அப்பால் இரண்டாவது போஸ்டில் ஏணி சாத்தியிருந்தது. ஆள் மேலே இருந்தார். கம்பியில் சிக்கின தென்னை மட்டையை வெட்டுக்கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். மட்டை போனால் அடுத்தபடியாகக் கம்பியைத்தான் பிடிப்பார். "தொடாதே! எறங்கு!" என்று அக்கா அடித்தொண்டையில் கத்தினாள். நானும் கத்தினேன். நாதசுரம், தவில், என்ஜின், இடி. எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.

ஜாகை வாசலில் சம்மந்தியம்மாளுக்கு ஆலத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. பக்கச் சந்தில் புகுந்து, அங்கே கிடந்த பந்தல் பெஞ்சை இழுத்துச் சன்னலுக்கு அடியில் போட்டு ஏறினாள். சன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டாள். பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நீலமாக ஒரு பொறி. வீடு முழுக்க இருண்டது. ஆலத்தித் தட்டுச் சுடர் மட்டும் ஆடியது.

"ஐயோ" என்று பல குரல்கள். ஆட்கள் சந்துக்குள் ஓடி வந்தார்கள். யாரோ ஒருவர் அரிக்கேனைத் தூக்கிப் பிடித்தார். பெஞ்சின்மேல் வெள்ளைச் சேலையோடு, கையில் கம்பியோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கம்பியைக் கீழே போடவில்லை. போட முடியாது. பிளக்கின் இரண்டு முனையிலும் கரண்டு இருந்தது. ஈரத் தரையில் விழுந்தால் அத்தனை பேர் காலிலும் பாயும். முனைகளை உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வராதீங்க. என்ஜினை நிப்பாட்டச் சொல்லுங்க. அதுவரை இதை விடமாட்டேன்."

சம்மந்தி பக்கத்தில் ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். சகுனம், அபசகுனம், தாலி அறுத்தவள் என்று என்னென்னவோ கேட்டது. முதலாளியின் பெண்சாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நல்ல மனுஷிதான். ஆனால் மகள் கல்யாணத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்த எந்தத் தாய்க்குத்தான் நிதானம் இருக்கும்?

"பாவி! எம் பிள்ளை கல்யாணத்துல வந்து விளக்கை அணைக்கியே. உனக்கு என்னடீ செய்தோம்?"

"அம்மா, மேல ஆளு இருக்கான்."

"எந்த ஆளு? உன் ஆளுதான் போயாச்சே! இன்னும் எந்த ஆளுடீ உனக்கு?"

அக்கா அந்த அம்மாளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"எவளோ ஒருத்தியோட ஆளு" என்றாள். "அவ சோறு வடிச்சு வச்சுட்டு இருப்பாம்மா."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்ஜின்காரர் அப்போதுதான் அக்காவின் கையையும் அப்பால் இருந்த போஸ்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்தைப் பார்த்து ஓடினார். பெண் வீட்டு வெளிச்சமும் அணைந்தது. என்ஜின் இருமி நின்றது. நாதசுரமும் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா பிளக்கை மெல்லப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு இறங்கினாள். யாரும் அவளுக்கு வழிவிடவில்லை, சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முதலாளி எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சம்மந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா குடியிருந்ததும் முதலாளி வீடுதான், அது அவளுக்கு இனி எத்தனை நாளைக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போஸ்டைப் பார்த்து நடந்தாள். நானும் போனேன்.

ஏணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே இருட்டில் ஆள் ஒரு நிழலாகத்தான் தெரிந்தார். வெட்டுக்கத்தி வந்து சேற்றில் விழுந்தது. அப்புறம் மட்டை. பிறகு அவர் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டிக் கம்பியைப் பிடித்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. மேலே ஒன்றும் நடக்கவில்லை. அவர் கம்பியை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

கட்டி முடித்து இறங்கி வந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள், வேலைக்குப் புதிது, எங்களை அறியமாட்டார். முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் எரிச்சலோடு சொன்னார்.

"நல்லா வெளிச்சம் கிட்டிட்டு இருந்தது கேட்டோ, அந்தக் கல்யாண வீட்டிலேருந்து. சரியா நான் கம்பியைத் தொடப் போற நேரம் பாத்து எந்த மூதேவியோ கெடுத்துட்டா. கண்ணு காணாம நான் பட்ட பாடு எனக்கல்லே தெரியும்."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"கை ரெண்டையும் நீட்டு" என்றாள்.

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் நீட்டினார். இருட்டில் அவள் அவருடைய விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"சரி. வீட்டுக்குப் போ. உன் பெண்சாதி தண்ணி கூடக் குடிக்காம இருப்பா."